நாயின் முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் எலும்பை ஏன் அறுக்கிறார்கள்?

வீட்டு லேப்ரடார் பின்னங்காலை நொண்டுகிறது. முதல் டாக்டர் சுளுக்கு என்று ஊசி போட்டு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார். நொண்டல் குறைகிறது, மறுபடி வருகிறது. இரண்டாமவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, “லிகமென்ட் கிழிந்திருக்கிறது, கெட்டியான நைலான் போட்டு இறுக்கிவிடலாம்” என்கிறார். மூன்றாமவரோ, “இந்த எடைக்கு நைலான் தாங்காது. டி.பி.எல்.ஓ. செய்யணும். எலும்பை அறுத்துத் திருப்பி பிளேட் வைக்கணும்” என்கிறார். கிழிந்தது நார், அறுக்கப்போவதோ நல்ல எலும்பு. செலவும் பல மடங்கு. நாய் வளர்ப்பவருக்குத் தலை சுற்றுவது இந்த இடத்தில்தான்.

மூவருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் சற்று அவசரப்பட்டுவிட்டார், அவ்வளவுதான். மற்ற இருவரும் ஒரே சிக்கலுக்கு இரண்டு வெவ்வேறு வழிகளைச் சொல்கிறார்கள். எந்த வழி ஏன் என்று புரிய, நாயின் முழங்கால் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முழங்காலுக்குள் இருப்பது

முதலில் இடம். நாயின் பின்னங்காலில் பின்பக்கமாகக் கூர்ந்து துருத்தித் தெரிவது கணுக்கால். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, பாதி தோலுக்குள் மறைந்து இருக்கிறது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் (டிபியா) அங்கே சந்திக்கின்றன.

இரண்டையும் மூட்டுக்கு உள்ளேயே இரண்டு லிகமென்ட்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து பிணைக்கின்றன. அவற்றில் முன்பக்கத்து லிகமென்ட்தான், அதாவது முன் குறுக்குத் தசைநார்தான், நம் விஷயம். கிரிக்கெட், கால்பந்துச் செய்திகளில் ‘ஏ.சி.எல். காயம்’ என்று அடிபடும் அதே நார். அதன் வேலைகள் மூன்று:

1. டிபியா முன்னோக்கி நழுவாமல் பிடிப்பது.
2. டிபியா உட்பக்கமாகத் திருகிக்கொள்ளாமல் தடுப்பது.
3. முழங்கால் அளவுக்கு மீறி நீளாமல் நிறுத்துவது.

இரண்டு எலும்புக்கும் நடுவே மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்புத் தட்டுகள் இரண்டு உண்டு. மெத்தை போல அழுத்தத்தைப் பரப்பிவிடுவது அவற்றின் வேலை. உட்பக்கத் தட்டு டிபியாவோடு இறுக ஒட்டியிருப்பதால், நார் அறுந்து எலும்பு நழுவும்போது நசுங்குவது பெரும்பாலும் அதுதான்.

இனி முக்கியமான விஷயம். டிபியாவின் மேற்பரப்பு சமதளம் இல்லை, பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. மனிதரில் இந்தச் சரிவு பொதுவாகப் பத்து டிகிரிக்குள் அடங்கும். நாயில் சராசரி 24 டிகிரி அளவு, சில நாய்களில் 30-ஐயும் தாண்டும். நாம் முழங்காலை நேராக நீட்டி நிற்கிறோம். நாய் நிற்கும்போதே அதன் முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. ஆகவே பாதம் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி இறங்கப் பார்க்கிறது, டிபியா முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை ஒவ்வொரு அடியிலும் இழுத்துப் பிடிப்பது முன் குறுக்குத் தசைநார். நம் ஏ.சி.எல். விளையாட்டில் திடீரென்று திரும்பும்போதுதான் பெரும் சுமை தாங்குகிறது. நாயின் நாருக்கு நடப்பதே சுமை.

அடிபட்டதா, தேய்ந்ததா?

“பந்தை எடுக்க ஓடினான், கத்தினான், காலைத் தூக்கிக்கொண்டான்” என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்த ஓட்டத்தின் மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. நைந்துபோன கிணற்றுக் கயிறு அரைக்குடம் தண்ணீருக்கே அறுந்துவிடும், குற்றம் அந்தக் குடத்தின் மேல் இல்லை. நாய்களில் இந்த நார் இழை இழையாக மாதக்கணக்கில் பலவீனப்படுகிறது. கூடவே மூட்டுக்குள் அழற்சியும் நடந்துகொண்டிருக்கும். விபத்தில் நல்ல நார் ஒரே இழுப்பில் அறுவதும் உண்டு, ஆனால் அது சிறுபான்மை.

இதற்கான சாட்சி எக்ஸ்ரேயிலேயே இருக்கிறது. நேற்றுதான் நொண்ட ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் நாயின் படத்தில் எலும்பு விளிம்புகளில் புதிதாக முளைத்த முட்கள் தெரியும். அவை ஒரே நாளில் வளர்வதில்லை. இன்னொரு சாட்சி மறுகால். ஒரு பக்கம் அறுந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் மறுபக்கமும் அறுகிறது. விபத்து இப்படி இடமும் வலமும் பார்த்து வராது.

அடிப்படைக் காரணம் எது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

மரபு: லேப்ரடார், ராட்வீலர், நியூஃபவுண்ட்லாந்து, மாஸ்டிஃப், பாக்ஸர் போன்ற இனங்களில் இது அதிகம். வேகத்துக்குப் பேர்போன கிரேஹவுண்டில் அரிது. அதிக ஓட்டம்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

எடை: கொழுத்த நாய்களுக்கு வாய்ப்பு கூடுதல். எந்த வயதிலும் நம்மால் மாற்றக்கூடிய காரணம் இது.

சீக்கிரம் செய்த கருத்தடை: டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் கோல்டன் ரெட்ரீவர்களைப் பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கருத்தடை செய்யாத நாய்களில் ஒன்றுக்குக்கூட இந்த நோய் பதிவாகவில்லை. ஒரு வயதுக்கு முன்பே செய்யப்பட்டவற்றில், ஆண்களில் சுமார் 5 சதவீதம், பெண்களில் சுமார் 8 சதவீதம். வளர்ச்சி முடியுமுன் ஹார்மோன் நிற்பது எலும்பின் அமைப்பை மாற்றுகிறது என்பது ஒரு விளக்கம். பெரிய இன வீட்டு நாய்க்கு எந்த வயதில் கருத்தடை செய்வது என்று டாக்டரிடம் பேச இது ஒரு காரணம். தெருநாய்க் கருத்தடை விவாதத்துக்குள் இந்த எண்களை இழுப்பது பொருந்தாது. அங்கே எடைபோட வேண்டிய நன்மை தீமைகளே வேறு.

இது அரிய நோயும் இல்லை. அமெரிக்காவில் நாய் வளர்ப்போர் 2003-ம் ஆண்டில் மட்டும் இந்த ஒரே நோய்க்காகச் செலவிட்டது 132 கோடி டாலர் என்று ஒரு கணக்கீடு சொல்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி

வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை சில. படுத்து எழும்போது மட்டும் இரண்டு மூன்று அடி நொண்டிவிட்டுப் பிறகு சரியாக நடப்பது ஆரம்ப அறிகுறி. நிற்கும்போது அந்தக் காலின் நுனிவிரல் மட்டும் தரையைத் தொடும். உட்காரும்போது குதிகாலை உடம்புக்கு அடியில் மடக்காமல் காலை ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொள்ளும். நாள்பட்டால் அந்தத் தொடை மற்றதைவிட மெலியும். பின்னால் நின்று இரு கைகளாலும் இரு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

டாக்டர் செய்யும் சோதனைகள் இரண்டு. முதலாவது டிராயர் டெஸ்ட். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கை விரல்களால் தொடை எலும்பின் கீழ்முனையையும் மறு கை விரல்களால் டிபியாவின் மேல்முனையையும் பிடித்துக்கொண்டு, டிபியாவை முன்னோக்கித் தள்ளிப் பார்ப்பார். நல்ல முழங்காலில் அசைவே இருக்காது. நார் அறுந்திருந்தால் சில மில்லிமீட்டராவது முன்னே நழுவும். இரண்டாவதில் முழங்காலை அசையாமல் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்குவார். நாய் காலை ஊன்றும்போது எழும் அதே விசை இப்போது மேசையிலேயே எழும். டிபியாவின் முன்முனை மேல் வைத்த ஆள்காட்டி விரல் முன்னே தள்ளப்பட்டால் முடிவு தெரிந்துவிட்டது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. வலியில் இறுகிய தொடைத் தசை எலும்பைப் பிடித்துக்கொள்ளும், பெரிய நாயில் அதை மீறித் தள்ள முடியாது. அதனால் லேசான மயக்கம் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமானது. மற்றொன்று பாதிக் கிழிவு. இந்த நாரில் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் அறுந்தால் முழங்காலை மடக்கிப் பார்க்கும்போதுதான் நழுவல் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. ‘சுளுக்கு’ என்று திருப்பி அனுப்பப்படும் நாய்களில் இவை கணிசம். எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், முழங்கால் சில்லின் கீழேயுள்ள கொழுப்பு நிழல் ஒதுக்கப்பட்டிருப்பதும், எலும்பு முட்களும்தான் அதில் தெரிபவை. கைச்சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அவை போதும்.

ஆபரேஷன் இல்லாமல் முடியாதா?

சிறிய நாய் என்றால் பெரும்பாலும் முடியும். 1984-ல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் அமெரிக்க ஆய்வில், 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் 85 சதவீதம் ஓய்வு, எடைக்குறைப்பு ஆகியவற்றிலேயே ஏற்கத்தக்க நிலைக்கு வந்தன. அதைவிடப் பெரிய நாய்களில் அப்படி வந்தவை 19 சதவீதம் மட்டுமே.

2013-ல் வந்த இன்னோர் ஆய்வு இந்தக் கோட்டைச் சற்று மங்கலாக்கியது. 20 கிலோவைத் தாண்டிய குண்டு நாய்களை இரு பிரிவாக்கி, எல்லாவற்றுக்கும் எடைக்குறைப்பு, பிசியோதெரபி, வலி மருந்து கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் டி.பி.எல்.ஓ. செய்தார்கள். ஓராண்டு முடிவில் ஆபரேஷன் பிரிவில் 75 சதவீதமும், ஆபரேஷன் இல்லாத பிரிவில் சுமார் 64 சதவீதமும் வெற்றி என்று கணக்கிட்டார்கள். ஆபரேஷன்தான் மேல், ஆனால் மற்றது பூஜ்ஜியமும் இல்லை. வயதான நாய், இதய நோயுள்ள நாய், செலவு கைக்கு எட்டாத குடும்பம் ஆகியோருக்கு இந்த எண் ஓர் ஆறுதல். ஒரு நிபந்தனை: அங்கே கிடைத்தது ஒழுங்கான எடைக்குறைப்பும் முறையான பிசியோதெரபியும். “தானா சரியாகிடும்” என்று விட்டுவிடுவது அந்தச் சிகிச்சை ஆகாது.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றுப் புண், ரத்தப்போக்கு, சிறுநீரகச் சேதம் வரை போகும். (கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006-ல் தடை செய்தது வேறொரு காரணத்துக்காக: மருந்து ஏற்றிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.) நாய்க்கு மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்றவற்றை எடைக்கேற்ற அளவில் டாக்டர் எழுதுவார். ஏற்கெனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குடலுக்கு ஆபத்து.

நாரைத் தேடிய காலமும் எலும்பைத் திருப்பிய காலமும்

அறுந்த நாரைத் தைத்துவிட்டால் என்ன? நைந்த திசு தையலைப் பிடிக்காது. வேறு நாரை வைத்தால்? பின்லாந்தின் கால்நடை மருத்துவர் பாட்சமா 1952-ல் அதைத்தான் முயன்றார். தொடைத் தசையின் மேலுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய நார் போன வழியிலேயே கோத்தார். இன்று விளையாட்டு வீரர்களுக்குச் செய்வதும் ஏறத்தாழ இதே யோசனை. நாயில் இது நிலைக்கவில்லை. காரணம் மேலே பார்த்ததுதான்: சரிவு அப்படியே இருக்கிறது, மூட்டின் அழற்சியும் இருக்கிறது. வீரர் மாதக்கணக்கில் ஊன்றுகோல் பிடிப்பார். நாயிடம் ஊன்றுகோலைக் கொடுக்க முடியாது.

அடுத்த யோசனை மூட்டுக்கு வெளியே. 1970-களில் வழக்கத்துக்கு வந்த முறையில், முழங்காலின் பின்பக்கமுள்ள ஃபபெல்லா என்ற சிறு எலும்பைச் சுற்றி, டிபியாவின் முன்முனையிலுள்ள துளை வழியாகக் கெட்டியான நைலானைக் கோத்து இறுக்குகிறார்கள். இரண்டாவது டாக்டர் சொன்னது இதைத்தான். அந்த நைலான் என்றென்றும் தாங்குவதற்கில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தளரும், அறுந்தும் போகலாம். அதற்குள் மூட்டைச் சுற்றி வடுத்திசு தடித்து வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே கணக்கு. சிறிய நாயில் கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது. நாற்பது கிலோ நாயில் வடு உருவாகுமுன் நைலான் தளர்ந்துவிடும் அபாயம் அதிகம்.

கேள்வியையே மாற்றியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்க்லே ஸ்லோகம் என்ற கால்நடை அறுவை மருத்துவர். டிபியா முன்னோக்கித் தள்ளப்படும் விசையை 1980-களின் தொடக்கத்தில் அவர் விவரித்தார். நார் இருந்த இடத்தில் எதை வைப்பது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, நாருக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். முதலில் எலும்பில் ஆப்பு வடிவத் துண்டை வெட்டியெடுத்துச் சரிவைக் குறைத்தார். பிறகு 1993-ல் டி.பி.எல்.ஓ. முறையை வெளியிட்டார். அது நடக்கும் விதம்:

1. துல்லியமான பக்கவாட்டு எக்ஸ்ரேயில் டிபியா மேற்பரப்பின் சரிவை அளக்கிறார்கள்.
2. மூட்டைத் திறந்தோ கேமரா விட்டோ மெனிஸ்கஸைப் பார்த்து, கிழிந்த துண்டை அகற்றுகிறார்கள்.
3. வளைந்த ரம்பத்தால் டிபியாவின் மேல்முனையை அரைவட்டமாக அறுக்கிறார்கள்.
4. நாயின் சரிவுக்கும் ரம்பத்தின் ஆரத்துக்கும் ஏற்ப அட்டவணையில் உள்ள மில்லிமீட்டர் அளவுக்கு மேல்துண்டைத் திருப்புகிறார்கள். 24 டிகிரி சரிவு 5 டிகிரி அளவுக்கு வந்துவிடும்.
5. பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குகிறார்கள். பிறகு எலும்பு முறிவு கூடுவதைப் போலவே கூட வேண்டும்.

ஏன் பூஜ்ஜியத்துக்கே கொண்டுபோவதில்லை? அளவுக்கு மீறித் திருப்பினால் எலும்பு எதிர்த்திசையில் நழுவப் பார்க்கும், நல்ல நிலையிலுள்ள பின் குறுக்குத் தசைநாருக்குச் சுமை ஏறும்.

பலரையும் குழப்பும் ஒரு விளைவு இது: வெற்றிகரமான டி.பி.எல்.ஓ.வுக்குப் பிறகும் டிராயர் டெஸ்டில் எலும்பு நழுவும். நார் இன்னும் இல்லை அல்லவா? கையால் தள்ளினால் நழுவும், நாய் காலை ஊன்றும்போது நழுவாது. இது தெரியாமல் “ஆபரேஷன் ஃபெயில்” என்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

2002-ல் ஸூரிக்கிலிருந்து டி.டி.ஏ. என்ற முறை வந்தது. இதில் டிபியாவின் முன்முனையை அறுத்து முன்னே தள்ளி வைத்து, தொடைத் தசையின் இழுவிசையையே நழுவலுக்கு எதிராகத் திருப்புகிறார்கள். இதற்கு ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கால் ஊன்றும் விசையை அளந்து ஒப்பிட்ட ஆய்வுகள் டி.பி.எல்.ஓ. பக்கமே சாய்கின்றன.

நைலானுக்கும் டி.பி.எல்.ஓ.வுக்கும் நேரடிப் போட்டி வைத்த 2013 ஆய்வில், பத்துக்கு ஒன்பதோ பத்தோ மதிப்பெண் கொடுத்த உரிமையாளர்கள் டி.பி.எல்.ஓ.வில் 93 சதவீதம், நைலானில் 75 சதவீதம். என் பார்வையில் இந்த எண் இரண்டு பக்கமும் பேசுகிறது. பெரிய, துடிப்பான நாய்க்கு டி.பி.எல்.ஓ.வே முதல் தேர்வு. அது கிடைக்காத ஊரில், அதற்கு வழியில்லாத வீட்டில், நைலான் முறையை மட்டமான சிகிச்சை என்று ஒதுக்கவும் காரணமில்லை. எந்த முறை என்பதைவிட, சொல்லும் டாக்டர் அந்த முறையை வழக்கமாகச் செய்கிறவரா என்று கேட்பது பயனுள்ளது.

தவறக்கூடிய இடங்கள்

ஆயிரம் நாய்களின் டி.பி.எல்.ஓ. விளைவுகளைப் பார்த்த 2010 ஆய்வில் ஏதாவதொரு சிக்கல் வந்தவை சுமார் 15 சதவீதம். பெரும்பகுதி சிறியவை. பெரியவற்றில் முதலிடம் தொற்றுக்கு. காயம் சிவந்து நீர் வடிவது, நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று காலைத் தூக்கிக்கொள்வது இரண்டும் உடனே டாக்டரை அழைக்க வேண்டிய அறிகுறிகள். மாதங்கள் கழித்து மெனிஸ்கஸ் கிழிவதும் நடக்கும். அப்போது நடக்கையில் ‘டக்’ என்ற சத்தம் கேட்கலாம்.

அதிகம் தவறுவது வீட்டில்தான். இரண்டாவது வாரத்திலேயே நாய்க்கு வலி குறைந்து துள்ளத் தோன்றும். அறுத்த எலும்பு ஒட்ட எட்டு வாரமாவது வேண்டும். அதுவரை சோபா, மாடிப்படி, பந்து, மற்ற நாயோடு விளையாட்டு எதுவும் கூடாது. சிறுநீர் கழிக்கப் போவதும் சங்கிலியில், நிதான நடையில். வழவழப்பான டைல்ஸில் நாய் வழுக்காமல் இருக்கப் பழைய சாக்கையோ ரப்பர் பாயையோ அது போகும் வழியெங்கும் விரிக்கலாம். காயத்தை நக்காமலிருக்கக் கூம்புக் கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் வைக்க வேண்டும். இந்தக் கூம்பைப் ‘பாவம்’ பார்த்துக் கழற்றுவதும் தையல் பிரிய ஒரு காரணம். எட்டு வாரம் அளவில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை அறுத்த கோடு மறைகிறதா என்று பார்த்த பிறகே நடையைக் கூட்டலாம்.

சரியாக நடந்த ஆபரேஷனும் மூட்டுத் தேய்வை நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கலாம். ஆகவே எடையின் கணக்கு ஆபரேஷனோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஓர் ஆய்வில், ஜோடியிலுள்ள மற்ற நாயைவிட 25 சதவீதம் குறைவாக உணவு பெற்றவை சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவில் கை வைத்தால் எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும் என்பது எளிய அளவுகோல். தட்டுச் சோற்றைக் குறைத்துவிட்டு மாலையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் கணக்கு உதைக்கும். மறுகால் இன்னும் நல்ல நிலையில் இருக்கும் இந்த மாதங்களில்தான் இதைத் தொடங்க வேண்டும்.